செலஸ்டின் அண்ணன் எடுக்காத வளையம்

நேற்றுக் காலை மருமகள் இரண்டு எவர்சில்வர் டம்ளர்களைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஒன்றுக்குள் ஒன்று இறுகிப்போய் அசைய மறுத்தன. "மாமா, நாப்பது வருஷம் மெக்கானிக்கா இருந்தேன்னு சொல்வீங்கல்ல, இதப் பிரிங்க பாப்போம்" என்றாள். என் தொழிலுக்கு இந்த வீட்டில் மிச்சமிருக்கும் மரியாதை இவ்வளவுதான். உள் டம்ளரில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, வெளி டம்ளரை வெந்நீரில் வைத்தேன். டக்கென்று பிரிந்தது. அவள் சிரித்துக்கொண்டே எடுத்துப் போனாள். எனக்குத்தான் அதன் பிறகு காபி இறங்கவில்லை.

அந்த டக் சத்தத்தை நான் முன்பே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். அறுபதுகளின் கடைசி. போர்ட் பிளேரை அடுத்த புரோத்ராபூரில் ஒரு கான்ட்ராக்டரின் லாரிப் பட்டறையில் வேலை பார்த்தேன். வயது இருபத்து மூன்று. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தாலே தன்னை இன்ஜினீயர் என்று நினைத்துக்கொள்ளும் வயது. மரம் ஏற்றும் லாரிகள் ஐந்தும், ஈர மரத்தூளும் டீசலும் கலந்த ஒரு வாசனையும் எங்களுடையவை. இரவில் பழைய லாரி சீட்டை ஷெட்டுக்குள் போட்டுப் படுத்துக்கொள்வேன்.

லாரிகளுக்கு நடுவே முதலாளியின் ஸ்போர்ட்ஸ் கார் நிற்கும். பச்சை நிறம், துணிக்கூரை, இரண்டே பேர் உட்காரலாம். யாரோ வெள்ளைக்காரர் விட்டுப்போனது, கல்கத்தாவில் நாலு கை மாறி, கப்பலேறி வந்து சேர்ந்தது. அன்றைக்குத் தீவில் இருந்த சாலைக்கு அது ஓடியதைவிட நின்றதுதான் அதிகம். ஆனாலும் முதலாளிக்கு அது பெற்ற பிள்ளை மாதிரி. அதிலிருந்து கழற்றிப் போட்ட பழைய ஸ்க்ரூவைக்கூட நாங்கள் தொடக்கூடாது.

உப்புக்காற்றுக்கு ஸ்போர்ட்ஸ் கார், லாரி என்ற பேதமெல்லாம் கிடையாது. ஹெட்லைட்டின் பளபளப்பான கிண்ணங்கள், டூம் என்போம், இரண்டும் உள்ளே கறுத்துவிட்டன. அவற்றைச் சுற்றியிருந்த குரோம் வளையங்கள், ரிங் என்போம், அம்மைத் தழும்பு விழுந்த முகம் போலாகிவிட்டன. அந்த மாதம் முதலாளியின் புது மருமகன் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வருவதாக இருந்தது. கப்பல் அணையும் ஜெட்டியிலிருந்து அவரை அந்தக் காரில் அழைத்துவர வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. மதராஸுக்கு எழுதிப்போட்டு டூமும் ரிங்கும் வரவழைத்தார்.

பார்சலை ஜெட்டியிலிருந்து எடுத்துவந்தது செலஸ்டின் அண்ணன், எங்கள் டிரைவர். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். பட்டறைக்குப் பின்னால் இருந்த தகரக்கூரை அறையில் பிலோமி அக்காவோடும் கைக்குழந்தையோடும் குடியிருந்தார். நான் ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு சாப்பிட்டது எல்லாம் அந்த அறையில்தான். அன்று மழையில் லாரி தாமதமாக வந்ததால் பார்சல் ராத்திரி முழுக்க அவர் அறையிலேயே இருந்தது.

மறுநாள் பழைய ரிங்குகளைக் கழற்றினேன். கீழே ஒரே ஒரு ஸ்க்ரூ, மேலே ஒரு கொக்கி, அவ்வளவுதான். அண்ணன் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஏல, தூரப் போடுறதுதானே? நம்ம மாதா படத்துக்குப் பொறத்தால வச்சா வட்டமா சோதி மாரி இருக்கும்ல."

"எடுத்துக்கங்கண்ணே. முதலாளி கண்ணுல மட்டும் படாம" என்றேன்.

பார்சலைப் பிரித்தேன். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய டூம் இரண்டு. கெட்டியான கிரீஸ் அப்பிய ரிங் ஒன்று. முதலில் இடப்பக்கத்தை முடித்தேன். ரிங் எளிதில் உட்காரவில்லை. கம்பெனி சாமான் இல்லை போல, டூப்ளிகேட் அப்படித்தான் இருக்கும் என்று மனதுக்குள் மதராஸ்காரனைத் திட்டிவிட்டு உள்ளங்கையால் ஓங்கித் தட்டி உட்காரவைத்தேன். வலப்பக்க டூமையும் மாட்டிவிட்டு அடுத்த ரிங்குக்குக் கையை விட்டேன். வெறும் காகிதம்தான் இருந்தது.

முதலாளி வந்து பார்த்தார். கார் ஒற்றைக் காதில் தோடு போட்ட கல்யாணப்பெண் போல நின்றது.

"க்யா ரே, ரெண்டு ரிங்குனு மதராஸ்ல இருந்து கடுதாசி போட்டிருக்கான். தூஸ்ரா எங்க?"

"பொட்டலத்துல ஒண்ணுதான் இருந்துச்சு முதலாளி."

"ராத்திரி எவன்கிட்ட இருந்துச்சு?"

அவர் நேரே அண்ணனின் அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். மாதா படத்துக்குப் பின்னால், சாம்பல் போட்டுத் துலக்கிய பழைய ரிங் இருந்தது. முதலாளி அதைப் பிடுங்கி எடுத்தார். "பழசையே விடாதவன் புதுச விடுவானா? சச் போல், நெசத்தச் சொல்லு, இத உனக்கு யார் குடுத்தது?"

அண்ணன் என்னைப் பார்த்தார். முதலாளியும் என்னைப் பார்த்தார். "அண்ணன் படத்துக்கு வேணும்னு கேட்டாரு" என்றேன். கேட்டார் என்று சொன்னேனே தவிர, நான்தான் கொடுத்தேன் என்று சொல்லவில்லை. அந்தப் பாதியை முழுங்கிவிட்டேன்.

"மாதா சத்தியமா நான் பொட்டலத்த அவுக்கவே இல்ல மொதலாளி" என்றார் அண்ணன். அதற்குமேல் அவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அன்றே வேலை போயிற்று, அறையும் போயிற்று. மெயின்லேண்டுக்குக் கப்பல் ஆறு நாள் கழித்து. அதுவரை மீன்பிடிக்கிற சொந்தக்காரர் ஒருவரின் குடிசையில் போய் இருந்தார்கள்.

நாலாம் நாள் முதலாளி கூப்பிட்டு, இடது ஹெட்லைட்டுக்குள் மழைத்தண்ணீர் இறங்கியிருப்பதாகச் சொன்னார். ரிங்கைக் கழற்றி ஓரத்தில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்பினேன். டக். என் கையில் இரண்டு ரிங்குகள். மதராஸ்காரன் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி அனுப்பியிருக்கிறான். நடுவில் கிரீஸ் இறுகி ஒட்டிக்கொண்டிருக்கிறது. தடிமனைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

நண்பரே, அப்போது நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ரிங்கை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் ஓடியிருக்க வேண்டும். நான் அதைத் துணியில் சுற்றிப் படுக்கைக்கு அடியில் வைத்தேன். சொன்னால் அண்ணனுக்குப் பதில் நான் கப்பலேற வேண்டும். ஊரில் அப்பா என் மணியார்டரை எதிர்பார்த்து இருக்கிறார். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இரண்டு நாளை ஓட்டினேன்.

கப்பல் நாளில் ஜெட்டிக்குப் போனேன். சொல்லிவிடத்தான் போனேன் என்று இன்றைக்கும் நம்ப ஆசை. பிலோமி அக்கா என் பக்கம் திரும்பவில்லை. அண்ணன் டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு என் தோளைத் தட்டினார்.

"நீ ஒண்ணும் மனசுல வச்சிக்கிடாத, என்னா? நீ என்னத்தச் செய்வ."

நான் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக் கப்பல் படி வரை கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

பத்து நாள் கழித்து, கப்பலில் வேலை பார்க்கும் ஒரு சிநேகிதன் மதராஸில் தேடி வாங்கிவந்தான் என்று சொல்லி இரண்டாவது ரிங்கை மாட்டினேன். மருமகன் வருவதற்குள் காருக்கு இரண்டு கண்ணும் ஜொலித்தன. அந்தமானில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். பட்டறைச் சுவருக்கு எதிரே காரை நிறுத்தி, வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று முதலாளி பார்த்தார். "பஹுத் அச்சா, கெட்டிக்காரன்யா நீ" என்றார். காலியாக இருந்த தகரக்கூரை அறையையும் எனக்கே கொடுத்தார். கல்யாணமாகி அங்கேதான் குடித்தனம் நடத்தினேன். மாதா படம் தொங்கிய ஆணியில் என் மனைவி முருகன் படத்தை மாட்டினாள். அந்த ஆணி யாருடையது என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பல வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்குத் தூத்துக்குடி போனபோது விசாரித்துக்கொண்டு அண்ணனின் வீட்டைக் கண்டுபிடித்தேன். ஐஸ் கம்பெனியில் வேலை, தலை பாதி நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் கட்டிக்கொண்டார். பிலோமி அக்கா டீயை வைத்துவிட்டு நிலையைப் பிடித்தபடி நின்றார். அண்ணன் அந்தமான் சங்கதி எல்லாம் கேட்டுவிட்டு, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்:

"ஏல, அந்த வளையம் பொறவு எங்கயும் கெடச்சிச்சா? இவளுக்கு இன்னைக்கும் எம்மேல ஒரு சந்தேகம். ஒன் வாயால கேட்டா நம்புவா."

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி அப்போது உயிரோடு இல்லை, எனக்கு வேலை பயமும் இல்லை. இருந்தது வெட்கம் மட்டும்தான். "இல்லண்ணே, கெடைக்கல" என்றேன்.

அண்ணன் "சரி, விடு" என்றார். அக்கா உள்ளே போய்விட்டார். நான் விடைபெறும்போதும் வெளியே வரவில்லை.

முதலாளியின் பிள்ளைகள் பட்டறையை விற்றுவிட்டார்கள். காரை யாரோ பிரித்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனதாகக் கேள்வி. செலஸ்டின் அண்ணன் இறந்த சேதி ஒரு வருடம் கழித்துத்தான் எனக்கு வந்தது. இந்தத் தடவை எப்படியும் சொல்லிவிடுவது என்று பஸ் ஏறிப் போனேன். அந்த வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். பிலோமி அக்காவும் போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது என்றார்கள். புருஷன் திருடினார் என்று நினைத்தபடியேதான் அக்கா போயிருப்பார்.