முப்பத்தோராம் தாள்

கறுப்புத் திரையில் ஒரு வரி வந்து நிற்கிறது: ‘31: முடிவு இல்லை. மீண்டும் 1-க்குச் செல்கிறது.’ கணினிக்குப் பக்கத்தில் என் அண்ணியின் பிஸ்கட் டின். துருப்பிடித்த மூடியைத் திறந்தால் முப்பத்தொரு நாள்காட்டித் தாள்கள். மலாயாவுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் வந்த ஆகஸ்டு மாதத்தில் தினம் ஒன்றாகக் கிழித்தவை. முன்பக்கத்தில் தேதி, பின்பக்கத்தில் அண்ணி கைப்பட எழுதிய கதை. அந்தத் தேதிகள்தான் கதையின் எண்கள்.

அண்ணி இந்தியாவிலிருந்து கப்பலேறி, மலாக்காவின் காஜா பெராங்கில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்கு வந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. என்னைவிட இரண்டே வயது மூத்தவர். அண்ணன் வேலைக்குப் போனபின் அவருக்குப் பேச்சுத் துணை நான்தான். ஒருநாள் வானொலியில் நாடகம் கேட்டுக்கொண்டிருந்தவர், “அந்தப் பொண்ணு இந்தப் பக்கம் திரும்பாம அந்தப் பக்கம் போயிருந்தா?” என்றார். கேட்டதோடு விடவில்லை, எழுதவே ஆரம்பித்துவிட்டார். கதை இதுதான்: மலாக்காவுக்குப் புதிதாக வந்த பெண் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போய் வழி தவறுகிறாள். ‘பாலத்தைக் கடந்தால் 9-ஐ எடு. ஆற்றோரமாகவே நடந்தால் 14-ஐ எடு.’ எந்தத் தாளை எடுப்பது என்பது படிப்பவர் விருப்பம்.

சரிபார்க்கும் வேலை என்னுடையது. “நாத்தனார் வேலையே குத்தம் கண்டுபிடிக்கிறதுதானே? தாராளமா கண்டுபிடி” என்று தாள்களை என் மடியில் போட்டார். நானும் விடவில்லை. ஒன்பதாம் தாளில் பிச்சைக்காரருக்குக் கொடுத்துவிட்ட குடை, பதினேழில் எப்படிக் கையில் இருக்கிறது? பன்னிரண்டாம் தாளில் பத்து பெரெண்டாம் ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறியவள் எந்தத் தாளில் இறங்குகிறாள்? நான் கேட்கக் கேட்க, அண்ணி சிரித்துக்கொண்டே திருத்துவார். என் வாழ்நாளில் இவ்வளவு நன்றாக யாரும் என் குற்றங்குறைகளைக் காது கொடுத்துக் கேட்டதில்லை. எல்லா வழிகளிலும் நடந்து முடித்த பிறகுதான் கவனித்தேன். முப்பத்தொன்றுக்குப் போகச் சொல்லி எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். ‘கரையில் அம்மா நிற்கிறாள். ஏண்டி இப்படி மெலிஞ்சு போயிட்டே என்கிறாள். முற்றும்.’

“அண்ணி, இதுக்கு வழியே இல்லையே?”

“தெரியும். அது அப்படியே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அந்த வாரம் அண்ணன் மலாயாப் பிரஜா உரிமைக்கான விண்ணப்பப் பாரம் இரண்டு வாங்கி வந்திருந்தார். இருவரும் இங்கேயே இருப்பது என்று அவரே முடிவு செய்திருந்தார். அண்ணியை யாரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணி கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, டின்னைக் கொண்டுபோய் அண்ணன் முன்னால் வைத்தேன். இருபத்திரண்டாம் தாளில் கடலோரம் கப்பல் நிற்கும். ‘வீட்டுக்குத் திரும்பினால் 5-ஐ எடு’ என்பது மட்டும்தான் அதில் இருந்தது. அதற்குக் கீழே பென்சிலால் ‘ஏறினால் 31-ஐ எடு’ என்று நான் எழுதி வைத்திருந்தேன். கதையில் அண்ணன் கப்பல் ஏறினார். முப்பத்தொன்றைப் படித்தார். தாளைத் திருப்பித் தேதியைப் பார்த்தார். மெர்டேக்கா நாள். பாரங்களை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். “போய் அம்மாவைப் பார்த்துட்டு வரட்டும். வந்ததும் சேர்ந்து குடுக்கிறோம்” என்றார்.

அண்ணியைச் சிங்கப்பூர் வரை கூட்டிப்போய்க் கப்பலேற்றிவிட்டு அண்ணன் மட்டும் திரும்பி வந்தார். “ஊருக்குப் போனவ திரும்பி வந்த மாதிரிதான்” என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று அண்ணியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அப்புறம் அதுவும் இல்லை. அண்ணன் என்னை ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடி, “நீ எழுதின அந்த ஒரு வரி…” என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். அன்றைக்கு ரப்பரை எடுத்துக்கொண்டு டின்னுக்கு முன்னால் உட்கார்ந்தேன். வரியை அழித்தால் போன கப்பல் திரும்பிவிடுமா? அழிக்காமலே மூடி வைத்தேன். அண்ணன் குடும்பத்தை நானே கெடுத்துவிட்டேன் என்று அத்தனை மாதமும் பயந்து செத்தேன்.

ஒரு மழைநாளில் தகரப் பெட்டியோடு அண்ணி வாசலில் வந்து நின்றார். முன்பைவிட இன்னும் மெலிந்திருந்தார். அம்மாவுக்குக் கொள்ளிவைக்கும்வரை கூடவே இருந்தேன் என்று மட்டும் சொன்னார். தலையைத் துவட்டியதும் டின்னைக் கேட்டார். இருபத்திரண்டாம் தாளைப் பார்த்துவிட்டு, “இது உன் எழுத்துதானே?” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பேனாவை எடுத்து, என் பென்சில் எழுத்தின் மேலேயே மையால் எழுதினார். பிறகு முப்பத்தொன்றை எடுத்து, ‘முற்றும்’ என்பதை அடித்துவிட்டு ‘1-ஐ எடு’ என்று எழுதினார். முதலாம் தாள் இப்படித் தொடங்கும்: ‘நீ மலாக்காவில் வந்து இறங்குகிறாய்.’ மறுவாரம் அண்ணனும் அண்ணியும் சேர்ந்து பாரம் கொடுத்தார்கள்.

அண்ணி காலமாகி ஒரு வருடம் ஆகிறது. இந்தக் கணினியையும், கதையைச் சோதிக்கும் கருவியையும் எனக்குப் பழக்கிவிட்டவன் அவர் மகன்தான். தாள்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து, ஒரு கட்டளையை அடித்தால் போதும். நான் வாரக்கணக்கில் நடந்த வழிகளையெல்லாம் இது ஒரு நொடியில் நடந்து முடித்து, குற்றப் பட்டியலை நீட்டிவிடுகிறது. சரியான நாத்தனார். நான் கண்டுபிடித்த குடை மாதிரியான பிழையை இதனால் கண்டுபிடிக்க முடியாது என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். தட்டச்சில் நான் விட்ட மற்றப் பிழைகளைத் திருத்திவிட்டேன். முப்பத்தோராம் தாளைப் பற்றிய இந்த வரி மட்டும் ஒவ்வொரு தடவையும் வருகிறது. போனில் அவனிடம் சொன்னேன்.

“அது பிழைதான் அத்தே. கதைக்கு ஒரு முடிவு வேணும்லா. சரி பண்ணிடுங்க.”

“பிழை இல்லடா. உங்கம்மா திரும்பி வந்தது அந்த வழியாத்தான்” என்றேன்.