கோட்பாட்டுக்குப் பதவி உயர்வு கிடையாது

திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் பதினெட்டு வருடமாக இயற்பியல் நடத்துகிறேன். அதில் பதினாறு வருடம் ஒரு தப்பை முழு நம்பிக்கையோடு நடத்தினேன். ஊகம் என்பது தற்காலிக ஆசிரியர். சோதனையில் தேறினால் கோட்பாடு, அதாவது நிரந்தர ஆசிரியர். யாராலும் அசைக்க முடியாமல் போனால் விதி, அதாவது தலைமையாசிரியர். கரும்பலகையில் மூன்று படி வரைந்து, மேல்படியில் 'விதி' என்று எழுதி அடிக்கோடும் போடுவேன். பிள்ளைகள் அதையே எழுதி மதிப்பெண் வாங்கினார்கள். விடைத்தாளைத் திருத்தியதும் நானே என்பதால் யாரும் மாட்டிக்கொள்ளவில்லை.

நான் மாட்டியது மச்சானின் கிணற்றடியில். என் மனைவியின் அண்ணன் அவர். சாணார்பட்டிப் பக்கம் விவசாயம். இரண்டு வருடத்துக்கு முந்தைய கோடையில் ஒரு ஏக்கரில் கத்தரி நாற்று நட்டிருந்தார். நட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கிணற்றில் தண்ணீர் சட்டென்று கீழே இறங்கிவிட்டது. கிணற்று மேட்டில் இருந்த மோட்டார் உறுமியது, சூடானது, சொட்டுத் தண்ணீர் ஏற்றவில்லை. வேர் பிடிக்காத நாற்று அந்த வெயிலுக்கு எத்தனை நாள் தாங்கும்?

மோட்டார் பழுது பார்ப்பவரை வரவழைத்தார் மச்சான். அவர் பையைத் திறந்து ஒரு கயிற்றை எடுத்தார். நுனியில் ஒரு கல். கல்லிலிருந்து இருபத்தைந்து அடி உயரத்தில் ஒரு முடிச்சு. அவர் தொழிலுக்கான அளவுகோல் அவ்வளவுதான். கல்லை உள்ளே விட்டார். முடிச்சு மோட்டார் மட்டத்துக்கு இறங்கிய பிறகும் கல் தண்ணீரைத் தொடவில்லை.

"மேல இருந்து இழுக்காதுங்க. கெணத்துக்குள்ள குறுக்க இரும்பு கர்டர் போட்டு மோட்டார எறக்கி வைக்கணும். ரெண்டு நாள் வேலை" என்றார்.

மச்சான் என்னைப் பார்த்தார். வீட்டுக்கு ஒரு இயற்பியல் மாப்பிள்ளை வாய்த்திருக்கும்போது கயிற்றை நம்புவதா என்று எனக்கே தோன்றிவிட்டது.

"ஏன் இழுக்காது?" என்று கேட்டேன்.

"இருவத்தஞ்சு அடிக்கு மேல எந்த மோட்டாரும் இழுக்காது சார்."

"அதான் ஏன்?"

"அதெல்லாம் தெரியாது சார். இழுக்காது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. காரணம் தெரியாத ஆளிடம் விதி எப்படி இருக்கும்? கீழே இரண்டு படியை மிதிக்காமல் மேல்படியில் வந்து உட்கார்ந்த சிபாரிசு ஆசாமி அது. ஐந்து எச்.பி. இழுக்காத தண்ணீரை ஏழரை எச்.பி. இழுத்துவிட்டுப் போகிறது. மண்ணில் குச்சியால் கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்தக் கணக்கை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

"இவர் சொல்றது அனுபவம் மச்சான். சயின்ஸ் இல்ல" என்று தீர்ப்பும் சொன்னேன்.

"நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும் மாப்ள" என்றார் மச்சான். மோட்டார்க்காரர் கயிற்றைச் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

பெரிய மோட்டார் திண்டுக்கல்லிலிருந்து வந்துசேர ஐந்து நாள் ஆனது. அதுவரை மச்சானும் அவர் மனைவியும் கிணற்றில் வாளி விட்டு இறைத்து, குடம் குடமாகச் சுமந்து ஊற்றினார்கள். ஒரு ஏக்கருக்குக் குடம்! கிழக்குப் பக்கம் கால் ஏக்கர்தான் நனைந்தது.

மோட்டார்க்காரரே வந்து பெரிய மோட்டாரைப் பூட்டினார். சுவிட்சைப் போட்டதும் பக்கத்துத் தோட்டத்து நாய்கூடக் குரைத்தது. அப்படி ஒரு சத்தம். தண்ணீர் மட்டும் வரவில்லை.

வாயைப் பிளந்து நிற்கும் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் உறைத்தது. பாதரசக் குழாயை வைத்து வருடா வருடம் நான் நடத்துகிற பாடம் இது. மோட்டார் தண்ணீரை இழுப்பதே இல்லை. குழாய்க்குள் இருக்கும் காற்றை அது வெளியேற்றுகிறது. கிணற்றுத் தண்ணீரின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் காற்றுதான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அந்தக் காற்றின் பலம் முப்பத்துமூன்று, முப்பத்துநான்கு அடியோடு சரி. குழாய் உராய்வு, ஒழுகல் எல்லாம் போக, கைக்கு வருவது இருபத்தைந்து. மேலே ஏழரை எச்.பி. வைத்தாலும் யானையைக் கட்டினாலும் காற்றுக்கு என்ன வந்தது?

கர்டர் போட்டு இறக்கினார்கள். மேலும் இரண்டு நாள். தண்ணீர் பீறிட்டு வந்தது. வாய்க்காலில் அது ஓடுவதைப் பார்த்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை. குழாயையும் காற்றையும் மோட்டார்க்காரருக்கு விளக்கிச் சொன்னேன். மரியாதையாகக் கடைசிவரை கேட்டார்.

"சரிங்க சார். அப்பவும் இருவத்தஞ்சு அடிதான?"

"இருபத்தஞ்சுதான்."

"நல்லது சார்" என்று பையை மூடினார்.

என் மூன்று படியும் அத்தோடு இடிந்தது. என்ன நடக்கும் என்று சொல்வது விதி. அது அவரிடம் இருந்தது. ஏன் நடக்கிறது என்று சொல்வது கோட்பாடு; அது என்னிடம் இருந்தது. அவர் விதிக்கு என் கோட்பாடு ஒரு அங்குலம்கூடச் சேர்க்கவில்லை. எத்தனை முறை சரியென்று நிரூபித்தாலும் என் கோட்பாடு அவர் விதியாக மாறப்போவதும் இல்லை. இரண்டும் வேறு வேறு வேலை. கோட்பாடு இல்லாமலே விதி இத்தனை கிணறுகளில் தண்ணீர் ஏற்றியிருக்கிறது. கோட்பாட்டை வைத்துக்கொண்டே நான் ஒரு கிணற்றை நிறுத்தினேன்.

மச்சான் மேற்குப் பக்கம் காய்ந்துபோன நாற்றுகளைப் பிடுங்கி வரப்பில் போட்டுக்கொண்டிருந்தார். முக்கால் ஏக்கர் போயிருந்தது. நான் விளக்கியதை அவரும் கேட்டிருக்கிறார்.

"காத்துத்தான் தள்ளுதுன்னு ஒங்களுக்கு எப்பருந்து தெரியும் மாப்ள?"

"காலேஜ்ல படிச்சது மச்சான். வருசா வருசம் நடத்துறேன்."

இன்னும் இரண்டு நாற்றைப் பிடுங்கினார்.

"அப்ப போன வாரமும் தெரியும்."

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"தெரியும் மச்சான்" என்றேன். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, பக்கத்து வரிசையில் உட்கார்ந்து பிடுங்க ஆரம்பித்தேன்.