தூணுக்கு ஒரு பாடம்

எங்கள் கோழிச் செட்டில் இரண்டு பக்கமும் வரிசையாகச் சிமெண்டுத் தூண்கள். என் மகள் பன்னிரண்டாவது படித்த வருஷம், தூணுக்கு ஒரு பாடம் என்று சாக்பீஸில் குறிப்பு எழுதிவைத்தாள். காலையும் சாயங்காலமும் ஒவ்வொரு தூணாக நின்று, வாய்க்குள் முனகிக்கொண்டே நடப்பாள்.

நான் எட்டாவதோடு நின்றவன். லாரியில் மூட்டை ஏறுகிற மாதிரி படிப்பு மண்டையில் ஏற வேண்டும், ஏறிவிட்டால் இறங்காது என்று நினைத்திருந்தேன். "இன்னும் மண்டையில ஏறலையா சாமி?" என்று அவளைக் கேலி பேசினேன்.

"ஏறாதுங்கப்பா. அதது அங்கங்க நிக்குது. பரிட்சையில கண்ண மூடிட்டு செட்டுக்குள்ள நடந்தேன்னா, வேணுங்கறத எடுத்துக்குவேன்."

நான் சிரித்துவிட்டுப் போனேன்.

பங்குனியில் மாரியாத்தாளுக்குக் காப்புக் கட்ட நாலு நாள் இருந்தது. முட்டை விட்டு ஓய்ந்த கோழிகளை அப்போதுதான் விற்றிருந்தோம், செட்டு காலி. காப்புக் கட்டிவிட்டால் எங்கள் வீட்டில் சுண்ணாம்பு அடிக்க மாட்டோம். அவளுக்கோ உயிரியல் பரிட்சை பாக்கி. ஆத்தாள் வருகிற நேரத்தில் எல்லாம் சுத்தமாக இருக்கட்டும் என்று சுண்ணாம்பு மட்டையை எடுத்தேன். எழுத்தைப் பார்க்காமல் அடித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். பார்த்தேன். வருஷம் பூராவும் படித்தது இந்நேரம் உள்ளே போயிருக்காதா என்று ஒரு நினைப்பு.

பரிட்சை எழுதிவிட்டு வந்தவள் சாப்பிடவில்லை.

"கண்ண மூடினா செட்டு முச்சூடும் வெள்ளையா இருக்குதுங்கப்பா."

பாஸாகிவிட்டாள். ஆனால் ஆசைப்பட்ட நர்சிங்குக்கு மார்க் போதவில்லை. வேறு ஏதோ படிப்பில் சேர்ந்தாள். என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கோயிலில் விழுந்து கும்பிடும்போதுகூட, உனக்காகத்தானே தாயே செய்தேன் என்று சொல்ல நாக்கு வரவில்லை. ஆத்தாள் என்னிடம் சுண்ணாம்பா கேட்டாள்?

போன லீவுக்கு வந்திருந்தபோது, செட்டில் வைத்து, தெரிந்தேதான் அடித்தேன், தப்புதான் என்று அவளிடம் சொன்னேன். அவள் பக்கத்துத் தூணில் கைவைத்து, "இதுல என்ன இருந்துச்சு, சொல்லுங்க பாக்கலாம்" என்றாள்.

தினம் இரண்டு வேளை அந்தத் தூணைத் தாண்டித்தான் முட்டை பொறுக்கினேன். ஒரு நாளாவது நின்று படித்ததில்லை.

"தெரியலையே சாமி."

"கிட்னிங்கப்பா" என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த தூணுக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.