மூன்று தடவை கேட்டால் வாயை மூடு

செகந்திராபாத் பக்கம் பாலாநகரில் நான் வேலை பார்க்கும் பிரிவில் கையடக்க ரேடியோ செய்கிறோம். டவர் இல்லாத இடத்திலும் ஒரு ரேடியோ சொல்வதை அடுத்தது வாங்கி, அதற்கடுத்ததற்குச் சொல்லும். தொல்லை என்னவென்றால், எல்லாம் சேர்ந்து ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பக் கத்தும். பந்தியில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சாம்பார் கேட்பது போல. பேட்டரியும் தீரும், ஒன்றும் காதில் விழாது.

அதற்கு நான் ஒரு விதி எழுதினேன். ஒரே செய்தி மூன்று தடவை காதில் விழுந்தால், அக்கம்பக்கத்துக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு வாயை மூடு. அதில் எனக்கு ஏகப்பட்ட கர்வம்.

சோதனை நாளன்று இருபது பேரை ஆளுக்கொரு ரேடியோவோடு வளாகம் முழுக்க நிறுத்தினேன். "மெசேஜ் வராம யாரும் இடத்த விட்டு அசையக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னேன். செல்போன்கள் வழக்கம்போல கேட் லாக்கரில். ஒரு மணிக்கு, சாப்பிட வரச்சொல்லிச் செய்தி அனுப்பினேன்.

பத்தொன்பது பேர் வந்தார்கள். கணினித் திரையில் நான் பார்த்தது கத்தலின் கணக்கை மட்டும்தான், முன்பைவிடப் பாதிக்கும் கீழே. துள்ளிக் குதிக்காத குறைதான். வராதவர் எங்கள் மூத்த டெக்னீஷியன், செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். "அண்ணா எங்கயாவது அரட்டை அடிச்சிட்டிருப்பாரு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

பாதிச் சாப்பாட்டில்தான் பெஞ்சில் அவருடைய டப்பா திறக்காமல் இருப்பது கண்ணில் பட்டது. அவர் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர், நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் மயக்கம் வந்துவிடும். டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

பின்சுவர் ஓரம், தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம், கல்லில் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் வியர்வை. ஆனாலும் ரேடியோவைக் கையிலிருந்து விடவில்லை. என் பையிலிருந்த மிட்டாயைப் பிரித்து அவர் வாயில் போட்டேன்.

"எழுந்து வர வேண்டியதுதானே அண்ணா!"

"நக்கோம்மா, வேணாம். மெசேஜ் வரலியே. நான் பாட்டுக்கு வந்துட்டா உங்க டெஸ்ட் கெட்டுப்போயிடும்ல?"

எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவருக்கு எட்டக்கூடியது தொட்டிக்கு இந்தப் பக்கம் இருந்த ஒரே ஒரு ரேடியோதான். அது தான் சொல்லும் முன்பே மூன்று தடவை கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தது. பழுதெல்லாம் ஒன்றுமில்லை. நான் எழுதியதை அப்படியே செய்திருந்தது.

அன்றே விதியை மாற்றினேன். எத்தனை தடவை கேட்டிருந்தாலும், உன்னை விட்டால் வேறு வழியில்லாத ஒருத்தர் இருந்தால் நீ பேசித்தான் ஆகவேண்டும்.

மறுநாள் அவரே கேட்டு அதே இடத்துக்குப் போனார். ஒரு மணிக்குச் செய்தி அவரிடம் போய்ச் சேர்ந்ததைத் திரையில் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அவரோ காலையிலேயே டப்பாவைக் கையோடு எடுத்துப்போயிருந்தார்.