ஞாயிற்றுக்கிழமை நான் கடலுக்கு அனுப்பியவர்

சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் வயல்களுக்கு நடுவே வளர்ந்தவள் நான். கடல் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்தான். ஆனாலும் எனக்குத் தெரிந்த கடல், கால் நனைத்துவிட்டுச் சுண்டல் தின்று திரும்பும் கடல். இந்த லட்சணத்தில் மீனவர் கதை எழுதக் கிளம்பினேன். திமிர்தான், வேறென்ன?

காரணம், பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து மேசை டீச்சர். கடற்கரை ஊர்க்காரி. பதினோரு வருடம் ஒன்றாகச் சாப்பிட்டோம். என் அவியலை அவள் எடுத்துக்கொள்வாள். சைவ வீட்டில் பிறந்த நான் அவளுடைய சாளை மீன் குழம்பை வீட்டுக்குத் தெரியாமல் ருசி பார்த்துப் பழகினேன். ஓய்வு பெற்றபின் தனியாகச் சாப்பிட உட்காரும்போதெல்லாம் மனது அந்த மேசையைத்தான் தேடுகிறது. அப்படி ஒன்றாகச் சாப்பிட்ட ஒரு மதியம்தான், தான் எட்டாம் வகுப்பு படிக்கையில் வள்ளத்தில் மீன் பிடிக்கப் போன அப்பா திரும்பவே இல்லை என்று சொன்னாள். உடல்கூடக் கிடைக்கவில்லையாம்.

"நீ கத எழுதுவியே, இத எழுதுட்டி" என்றாள்.

எழுதினேன். காற்று, நீரோட்டம், வலை எல்லாம் அவளிடம் கேட்டுக் கேட்டு மூன்று மாதம் எழுதினேன். கேட்காமல் விட்டது கிழமை ஒன்றைத்தான். அப்பா வள்ளம் தள்ளும்போது பிள்ளைகள் கரையில் நின்று கையசைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பள்ளிக்கூட நாளில் பிள்ளைகள் எப்படி நிற்கும்? டீச்சர் புத்தி! ஞாயிற்றுக்கிழமை என்று எழுதிவிட்டேன்.

கதை பத்திரிகையில் வந்தது. அடுத்த திங்கட்கிழமை மதியம் அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போனாள். பின்னாலேயே போய் என்னவென்று கேட்டேன்.

"எங்க ஊருல ஞாயித்துக்கெழம யாரும் கடலுக்குப் போவமாட்டாவ, டீச்சர். மாதா கோயில் பூசைக்குப் போற நாளு. அத மீறிப் போனதாலதான் கடலு எடுத்துட்டுன்னு இனி படிக்கியவன் சொல்லுவான். எங்க அம்மை ரெண்டு நாளா சாப்பிடல்ல."

பதினோரு வருடம் என்னை "ஏட்டி" என்று கூப்பிட்டவள். இப்போது "டீச்சர்" என்றாள். அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். "கதைன்னா கற்பனைதானே" என்று சொல்லித் தொலைத்தேன். செத்துப்போன மனிதரின் பெயரைக் கெடுத்துவிட்டு நியாயம் வேறு பேசினேன், பாவி.

அந்தச் சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அவளுடைய அம்மா மாதா படத்துக்குக் கீழே பாயில் உட்கார்ந்திருந்தார்.

நின்றபடியே சொன்னேன். "தெரியாம எழுதிட்டேன் அம்மா. புத்தகமா வரும்போது திங்கக்கெழமன்னு மாத்திருவேன். மன்னிச்சிருங்க." சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"மாத்த முடியுமா மக்ளே?"

"முடியும் அம்மா. கதைதானே, என்ன வேணும்னாலும் மாத்தலாம்."

அவர் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"அப்போ திங்கக்கெழம போனாவன்னு எழுது. செவ்வாக்கெழம காலையில கரைக்கு வந்துட்டாவன்னும் எழுதிரு."