கரடி வரும் நேரத்தில் கேட்டில் நின்றவர்

என் அப்பா மலைமேல் இருக்கும் தேசியப் பூங்காவில் வேலை பார்த்தார். அங்கே பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ஒரு காட்சிக் கோபுரம் உண்டு. சுற்றிச் சுற்றி ஏறும் சாய்வுப் பாதை, அதன் உச்சியில் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புத் தளம். கட்டடக் கலைக்காகப் பரிசெல்லாம் வாங்கியது என்பார்கள். அதை வரைந்த மகராசன் எல்லாப் பக்கமும் காடு தெரியும்படி வரைந்துவிட்டு, டிக்கெட் கிழிப்பவர் நிற்கும் இடத்தை மட்டும் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்து வைத்துவிட்டார். அப்பா நின்றது அங்கேதான்.

மேலே ஒரே நேரத்தில் நாற்பது பேருக்கு மேல் நிற்கக் கூடாது. மற்ற நேரமெல்லாம் கொட்டாவி விடுகிற வேலை. எதிர்ச் சரிவில் கரடி தலையைக் காட்டிவிட்டால் போதும், டீக்கடையில் நிற்பவர், கழிப்பறையில் இருப்பவர் எல்லாரும் கேட்டை நோக்கி ஓடி வருவார்கள். கரடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து அவர்களைத் தடுக்க வேண்டும். கூட்டம் அடங்கி இவர் மூச்சிரைக்க மேலே ஏறினால் வெறும் புல்தான் இருக்கும். லீவு நாளில் போய் நின்றால் பனி மூடிக்கொள்ளும். அத்தனை வருஷ சர்வீஸில் அவர் ஒரு கரடியைக்கூடப் பார்க்கவில்லை.

ஆனால் வீட்டுக்கு வந்தால் கரடிக் கதைதான். இறங்கி வருகிறவர்களை மடக்கி, எவ்வளவு பெரிசு, என்ன செய்தது என்று துருவித் துருவிக் கேட்டு வைத்திருப்பார். காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவதற்குள் கதை தொடங்கிவிடும்.

"ஆரம்பிச்சாச்சா? நல்லா கரடி விடுங்க" என்பாள் அம்மா. ஆனால் கேட்பதற்கு வசதியாக அடுப்பைத் தணித்துவிடுவாள். அந்தக் குட்டிச் சமையலறையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

அம்மா அந்தக் கோபுரத்தில் ஏறியதே இல்லை. பரணில் இருக்கும் டப்பாவை எடுக்க ஸ்டூலில்கூட ஏற மாட்டாள். அவளுக்கு உயரம் என்றாலே உதறல்.

அப்பா ஓய்வு பெறும் நாளும் வந்தது. மறுநாள் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, தூரத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குக் குடிபோகிறோம். அன்றைக்கு விட்டால் கரடி இனி கனவில்தான்.

"இன்னைக்கு கேட்டை நான் பாத்துக்கறேன். குடும்பத்தோட மேல போங்க" என்றார் மேனேஜர்.

அப்பா நேராக அம்மாவிடம் வந்தார். "நீயும் வா."

"ஐயோ, ஆளை விடுங்க."

"தனியா பாத்து என்ன பண்றது? கையைப் பிடிச்சுக்கறேன், வா."

நடை பழகும் குழந்தையை அழைத்துப் போவது போல, அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பின்னோக்கியே நடந்து அவளை மேலே கொண்டுவந்தார். தளமெல்லாம் இரும்புக் கம்பிச் சல்லடை, காலுக்குக் கீழே பள்ளத்தாக்கு தெரியும். அம்மா கண்ணை இறுக மூடியிருந்தாள். நான் முன்னாலேயே போய்க் கைப்பிடி ஓரம் நின்றுவிட்டேன்.

"கரடி! கரடி!" என்று யாரோ கத்தினார்கள். சத்தத்தில் அம்மா கண்ணைத் திறந்தாள். அப்பாவின் தோளுக்கு மேலே பார்த்தவள் மறுபடி கண்ணை மூடவில்லை.

"அப்பா, திரும்புங்க!" என்று கத்தினேன். எங்களுக்கு நடுவில் கூட்டம் புகுந்துவிட்டது.

அப்பா பாதி திரும்பினார். "கையை விட்டுடாதீங்க!" என்றாள் அம்மா. அவள் அப்படியே அவர் மேல் சாய்ந்தாள். அப்பா சட்டென்று அவள் பக்கமே திரும்பி, அவளைத் தாங்கிக்கொண்டார்.

"விடல. என்ன பண்ணுது, சொல்லு."

"ரெண்டு குட்டிங்க. ஒண்ணு தாய் முதுகுல ஏறிடுச்சு. இன்னொண்ணு வழுக்கி வழுக்கி விழுது. பாவம்."

"பெரிசா?"

"நம்ம பீரோ அளவு இருக்கு. ஐயோ, அதுவும் ஏறிடுச்சுங்க!"

"போகுதா?"

"போகுது. போயிடுச்சு."

அப்பா சிரித்தார். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

அண்ணன் வீட்டில் யார் வந்தாலும் அப்பா அந்தக் கதையைச் சொல்வார். பீரோ அளவு கரடி, வழுக்கி விழும் குட்டி எல்லாம் தம் கண்ணால் பார்த்த மாதிரியே வரும். அம்மா குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

அப்பா காலமாகிச் சில மாதம் கழித்து அத்தை வந்திருந்தாள். அப்பாவின் தங்கை. ஏதோ பேச்சில், "ஏன் அண்ணி, அண்ணன் நிஜமாவே கரடியைப் பாத்தாரா, இல்ல சும்மா சொன்னாரா?" என்று கேட்டாள்.

அம்மா என் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

"பாக்காம என்ன? ரெண்டு குட்டியோட கண் நிறைய பாத்தாரு. நான்தான் பயந்தாங்கொள்ளி. கண்ணை மூடினவ, கீழ இறங்கித்தான் தொறந்தேன். உங்கண்ணன் சொல்லித்தான் எனக்கே தெரியும்."