டோக்கன் அக்காவுக்கு வக்கீல் இல்லை

அந்தக் கட்டடத்தில் அவளுடைய சொந்தப் பெயரைத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் சம்பளப் பட்டியல் எழுதுபவர், இன்னொருவர் அவள்தான். மற்ற எல்லோருக்கும் அவள் டோக்கன் அக்கா. அவளைவிடப் பதினைந்து வயது மூத்த பல்வலிக்காரர்கூடக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, டோக்கன் அக்கா, எனக்கு முன்னால் இன்னும் எத்தனை பேர் என்றுதான் கேட்பார்.

கட்டடம் ஒரு காலத்தில் டயர் கிடங்கு. மழை நாளில் இன்றைக்கும் சுவரிலிருந்து ரப்பர் வாசனை கிளம்பும். ஒரு தொண்டு நிறுவனம் அதை வாங்கித் தடுப்புச் சுவர் எழுப்பி, அரிசி பருப்பு கொடுக்க ஓர் அறை, பழைய துணிக்கு ஓர் அறை, வீடில்லாதவர்களுக்கு இடம் தேடிக் கொடுக்க ஓர் அறை என்று நடத்திவந்தது. கூரை ஒழுகத் தொடங்கியபோது பல்கலைக்கழகம் வந்தது. கூரையைத் தான் போட்டுத் தருவதாகச் சொல்லி இடது பக்கத்து நான்கு அறைகளை எடுத்துக்கொண்டது. பல் பார்க்க, காது சோதிக்க, எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் பிள்ளைகளைப் பழக்க, சட்ட உதவி சொல்ல. மாணவர்கள் வேலை பழகுவார்கள், பேராசிரியர்கள் பக்கத்தில் நின்று பார்ப்பார்கள், இல்லாதவர்களுக்கு எல்லாம் இலவசம். திறப்பு நாளில் இரு தரப்பும் புதுச் சம்பந்திகளைப் போல ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஆறு மாதத்தில் கழிப்பறையை யார் கழுவுவது என்பதில் சம்பந்திச் சண்டையும் வந்துவிட்டது.

இரண்டு தரப்புக்கும் வாசல் ஒன்றுதான். வாசலுக்கு நேரே மேசை, மேசைக்குப் பின்னால் அவள். தொண்டு நிறுவனத்தின் அடையாள அட்டை பச்சைக் கயிற்றிலும் பல்கலைக்கழகத்தினுடையது நீலக் கயிற்றிலுமாக அவள் கழுத்தில் இரண்டு தொங்கும். அரிசி பருப்பு அறையைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் மளிகை அண்ணன் என்பார்கள். அவர், இரண்டு மாமியார்களுக்கு ஒரே மருமகள் இவள்தான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இரண்டு மாமியாரும் சேர்ந்து முதுகு சாயாத ஒரு நாற்காலி வாங்கித் தரவில்லையே என்று இவளும் சிரிப்பாள். கல்யாணமே ஆகாதவள் அந்தக் கேலிக்கு எப்படிச் சிரிக்கிறாள் என்று யாரும் யோசித்ததில்லை.

வேலையில் அவள் கெட்டிக்காரி. அங்கே வருகிறவர்கள் யாரும் வந்த காரியத்தை நேராகச் சொல்வதில்லை. "சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றால் வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது. மனைவி பேசுவது விழமாட்டேன் என்கிறது, அதுவும் நல்லதுதான் என்று ஒருவர் சிரித்தால் காது சோதனை. மடித்த தாளைப் பையிலிருந்து எடுப்பதும் உள்ளே வைப்பதுமாக நின்றால் மூன்றாம் எண் அறை, சட்ட உதவி. பாதிப் பேச்சிலேயே அவள் கை பதிவேட்டில் எழுதி டோக்கனைக் கிழித்திருக்கும். வரிசையில் மட்டும் அவளிடம் யார் ஜம்பமும் பலிக்காது. தொண்டு நிறுவனத்து நிர்வாகியின் மாமியாரே ஒருமுறை ஏழு பேருக்குப் பின்னால் கால் கடுக்க நின்றிருக்கிறார்.

அந்த வரிசையை அவள் ஒரே ஒரு முறை உடைத்தாள். தம்பிக்காக.

ஒரு திங்கட்கிழமை காலையில் அவன் வந்து நின்றான். அவள் வேலை செய்யும் இடத்துக்கு அவன் வந்தது அதுதான் முதல் தடவை. கடை சம்பந்தமாக ஒரு தாள், யாரிடமாவது காட்ட வேண்டும் என்றான். அவளுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. மளிகை அண்ணனைக் கூப்பிட்டு, என் தம்பி என்று காட்டினாள். வரிசையில் நின்றவர்களைப் பார்க்காமல் மூன்றாம் அறையின் முதல் டோக்கனை அவன் கையில் வைத்தாள்.

"உள்ள போனா எதையும் மறைக்காதே. பாதி சொன்னா பாதி உதவிதான் கிடைக்கும்."

அவன் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினான். முக்கால் மணி நேரம் உள்ளே இருந்தான். போகும்போது டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். நேரமாகிவிட்டது என்று போய்விட்டான்.

பதினாறாம் நாள் அவளுக்குப் பதிவுத் தபால் வந்தது. அனுப்பியவன் தம்பி. அவள் குடியிருக்கும் வீடு தன் பெயரில் இருப்பதாகவும், அறுபது நாளில் காலிசெய்து சாவியைத் தர வேண்டும் என்றும், ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. தம்பிக்கு இவ்வளவு சுத்தமாக எழுத வராது என்பது மட்டும் அவளுக்கு அப்போது உறைத்தது. அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

அந்த வீட்டில்தான் அம்மா பதினோரு வருஷம் ஒரு பக்கம் விழுந்து கிடந்தாள். புரட்டிப் படுக்க வைத்தது, துடைத்துவிட்டது, வேலைக்குப் போகும் நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரியைக் கெஞ்சி உட்கார வைத்தது எல்லாம் இவள். தம்பி மாதம் ஒருமுறை பழம் வாங்கிக்கொண்டு வந்து, அம்மா எப்படி இருக்கிறாள் என்று அம்மாவின் எதிரிலேயே இவளிடம் கேட்டுவிட்டுப் போவான். விழுவதற்கு முந்தின வருஷம் அம்மா வீட்டை அவன் பெயருக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். கடை வைக்க ஈடு காட்ட வேண்டும் என்று அவன் கேட்டான். அக்கா கடைசிவரை இங்கேதான் இருப்பாள் என்று அம்மா சொன்னாள், அவனும் சரியென்றான். இவளும் கூடத்தில்தான் இருந்தாள். யாரும் அதைத் தாளில் எழுதவில்லை. வீட்டுக்குள் பேசிக்கொள்வதை யார் எழுதுவார்கள்? அம்மா போய் எட்டு மாதம் ஆகிறது. இப்போது வீட்டை இடித்துவிட்டு மாடிமேல் மாடி கட்டி வாடகைக்கு விடப் போகிறானாம்.

சட்ட உதவி அறை திங்களும் புதனும்தான். புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் தனக்குத்தானே ஒரு டோக்கன் கிழித்துக்கொண்டு அவள் மூன்றாம் அறைக்குள் போனாள். அங்கே இருந்த மாணவியைக் கண்ணாடிப் பெண் என்பார்கள். இவள் ஃபிளாஸ்க்கில் கொண்டுவரும் டீயில், அந்தப் பெண் வரும் நாளெல்லாம் ஒரு தம்ளர் அவளுக்குத்தான். பெண் கடிதத்தை வாங்கி முதல் நான்கு வரி படித்தாள். சட்டென்று நிறுத்தி அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். கணினியில் எதையோ தட்டிப் பார்த்தாள். எழுந்து உள் அறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது முகம் சுண்டிப் போயிருந்தது.

"அக்கா, இதை எங்களால எடுத்துக்க முடியாது."

"ஏம்மா, வீட்டு விவகாரம் பார்க்கிறதில்லையா?"

"பார்க்கிறோம்."

"அப்புறம் என்ன?"

"காரணம் சொல்லக் கூடாதுக்கா."

உள் அறையிலிருந்து வக்கீல் அம்மா வந்தார். மாணவிகளை மேற்பார்வை பார்க்கும் பேராசிரியர் அவர், நல்ல மனுஷி. நின்றபடியே, மன்னிக்க வேண்டும், உங்களுக்கே தெரிந்திருக்குமே, நீங்கள் இந்தக் கட்டடத்திலேயே இருப்பவர்தானே என்றார்.

தெரியத்தான் செய்தது. ஒரு வழக்கில் ஒரு பக்கத்துக்கு யோசனை சொன்னவர்கள் மறு பக்கத்துக்குச் சொல்ல மாட்டார்கள். முதல் பக்கம் வந்ததையும் வெளியே சொல்ல மாட்டார்கள். போன வருஷம் ஒரு ஹெல்மெட்காரன் முந்திக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டுப் போனான். இரண்டு நாள் கழித்து அவன் மனைவி கன்னத்தில் வீக்கத்தோடு வந்தாள். இடமில்லை என்று அவளிடம் சொல்லும் வேலை இந்த மேசையின் தலையில்தான் விழுந்தது. விதி என்றால் எல்லோருக்கும் விதிதானம்மா என்று இவள்தான் சமாதானம் சொல்லி அனுப்பினாள்.

பேருந்தில் வீடு திரும்பும்போது மிச்சமும் ஞாபகம் வந்தது. ஹெல்மெட்காரனின் மனைவியைத் திருப்பி அனுப்பிய அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, பெயர் சொல்லாமல், அந்தக் கதையை இவளே சொல்லியிருந்தாள். முந்திக்கொண்டான் படுபாவி என்று திட்டினாள். தம்பி மனைவி கத்தியை வைத்துவிட்டு, அப்படியானால் யார் முதலில் போகிறார்களோ அவர்களுக்குத்தானா என்று கேட்டாள். ஆமாம், பல்கலைக்கழகத்து விதி அது, லேசில் மாற்ற முடியாது என்று என்னவோ தானே உட்கார்ந்து எழுதிய விதி மாதிரி இவள் பெருமையாகச் சொன்னாள். வாய் தன் வாய்தான். யாரைப் போய் அறைவது?

கண்ணாடிப் பெண் அவளிடம் ஒரு மஞ்சள் தாள் கொடுத்திருந்தாள். மறுக்கப்பட்டவர்களுக்குக் கொடுப்பது, வேறு ஐந்து வக்கீல்களின் முகவரி. அதை மாதாமாதம் நகல் எடுத்து அடுக்கி வைப்பதே டோக்கன் அக்காதான். முதல் ஆள் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது, இரண்டாமவர் ஊரை விட்டே போய்விட்டார், மூன்றாவது எண் எடுக்காது, ஐந்தாவது ஒரு தட்டச்சு நிலையம். மாற்றச் சொல்லி இரண்டு முறை எழுதிக் கொடுத்தாள். இரண்டு மாமியாரும் அது மற்றவரின் வேலை என்றார்கள்.

நிர்வாகியிடம் போனாள். அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, கூரை யார் போட்டது என்று நினைவுபடுத்தினார். பல்கலைக்கழகத்தாரோடு இப்போதுதான் உறவு சீராகியிருக்கிறது, வீட்டு விஷயத்தை வேலை இடத்துக்குக் கொண்டுவர வேண்டாம் என்றார். கதவருகே போனவளைத் திரும்பக் கூப்பிட்டு, "பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கலையே? பார்த்திருந்தா வேலைக்கே ஆபத்து" என்றார்.

அவள் புரட்டவில்லை. புரட்ட என்ன இருக்கிறது, எழுதியதே அவள் கைதானே.

அடுத்த திங்கள் தம்பி வந்தான். இந்த முறை வரிசையில் நின்றான், ஐந்தாவது ஆளாக, செல்போனில் கண்ணைப் புதைத்துக்கொண்டு. அவன் நெருங்க நெருங்க அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். இன்றைக்கு வக்கீல் வரவில்லை என்று சொன்னால் நம்பிவிடுவான். இரண்டு தடவை வராவிட்டால் வழக்குக் கோப்பை மூடிவிடுவார்கள். ஆனால் மூடினாலும் அந்த அறை இவளுக்குத் திறக்காது, ஒருமுறை கேட்டது கேட்டதுதான். தலைக்கு மேலே கேமரா வேறு. வீடு போகப் போகிறது, வேலையும் போனால்?

"எந்த அறை?"

"மூணு."

"எதுக்காக?"

"அக்கா, இங்க வேண்டாம்."

"பதிவேட்டுல எழுதணும். எதுக்காக?"

"வீடு."

வீடு என்று எழுதினாள். தலை நிமிராமலே, தெரிந்துதான் முதலில் வந்தாயா என்று கேட்டாள்.

"நான் வராட்டி நீ போயிருப்பே. உள்ள இருக்கிறவங்க எல்லாம் உனக்கு வேண்டியவங்க. அப்புறம் எனக்கு யாருக்கா இருக்காங்க?"

அவன் குரலில் பொய் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. உண்மையிலேயே தன்னைத்தான் ஆளில்லாதவனாக நினைக்கிறான். கடை மனைவி பெயரில் இருக்கிறது, அதனால் முதல் நாள் இந்த மேசையில் நிரப்பிய விண்ணப்பத்தில் வருமானம் இல்லை என்று எழுதியிருக்கிறான். அதையும் அவன் பொய்யாக நினைக்கவில்லை.

"அம்மா என்ன சொல்லி எழுதிக் குடுத்தாங்கன்னு உனக்குத் தெரியும்."

"உள்ளேயும் கேட்டாங்க. அம்மா சொன்னது, நான் சரின்னது, எல்லாம் சொல்லிட்டேன். நீதானே மறைக்காதேன்னே. எழுத்துல இருக்கான்னு கேட்டாங்க. இல்லைன்னேன்."

அவள் கதவைப் பார்த்தாள். அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறவர்களுக்கு அம்மாவின் வார்த்தை தெரியும். தம்பியின் வாயாலேயே கேட்டிருக்கிறார்கள். இவளுக்காக ஒருவர் எழுந்து பேச வேண்டுமென்றால் அதைத்தான் பேச வேண்டும். அவர்கள் பேச மாட்டார்கள். இவள் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு அதை வைத்து அவனுக்கு யோசனை சொல்வார்கள், சொல்லியும் ஆயிற்று.

பின்னால் நின்ற அம்மாள், குடும்பக் கதையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், எனக்குப் பல் உயிர் போகிறது என்றாள். டோக்கன் அக்கா டோக்கனைக் கிழித்துத் தம்பியிடம் நீட்டினாள். பெருந்தன்மை என்று மளிகை அண்ணன் பிற்பாடு சொன்னபோது அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. அது பயம். ஐம்பத்திரண்டு வயதில் வேறு எந்த வாசலில் போய் மேசை கேட்பது?

மஞ்சள் தாளின் நான்காவது வக்கீல் ஐந்து வாரம் கழித்து வரச் சொன்னார். கெடு முடிய அவ்வளவு நாள் இல்லை. கடைசியில் அந்தத் தட்டச்சு நிலையத்துக்காரரே ஒரு பதில் அடித்துக் கொடுத்தார். அதில் அம்மாவின் வார்த்தை மூன்று வரியில் அடங்கிவிட்டது. அதற்கு வந்த மறுபதில் நான்கு பக்கம், ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை. கண்ணாடிப் பெண் அதற்குப் பிறகு டீக்கு வருவதில்லை. அவளாவது வெட்கப்பட்டாள்.

ஐம்பத்தெட்டாம் நாள் அவள் வீட்டைப் பூட்டிச் சாவியைத் தபாலில் அனுப்பினாள். அம்மாவின் கட்டிலை மளிகை அண்ணன் பழைய துணி அறைக்கு எடுத்துப்போனார். மறுநாள் காலை மேசையை அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இடம் தேடிக் கொடுக்கும் அறை வாசலில் மற்றவர்களோடு நின்றாள். முறை வந்தது. அங்கே விண்ணப்பம் எழுதும் பெண் வேலைக்குப் புதிது. தலை நிமிராமல் ஒவ்வொன்றாகக் கேட்டாள். எத்தனை பேர்? ஒருத்தி. எதனால் வீட்டை விட்டீர்கள்? வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். வீட்டுக்காரர் உறவா? தம்பி.

பெண் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தாள்.

"இந்தக் கட்டடத்துல வேற சேவை எதுலயாவது பயன் அடைஞ்சிருக்கீங்களா? நீங்களோ, உங்க குடும்பத்துல யாராவதோ?"

"குடும்பத்துல ஒருத்தர்" என்றாள் டோக்கன் அக்கா. "மூணாம் அறை."

அந்தப் பெண் 'ஆம்' என்ற கட்டத்தில் குறி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.